நைட்ரோ கார் இன்ஜின்: எத்தனை டிகிரி சரி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டில் ஓட்டும் மாடல் கார், 3.5 சிசி நைட்ரோ இன்ஜின் போட்ட பக்கி, அதாவது மேடுபள்ளத்தில் ஓடும் வகை. தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன் 138 டிகிரி செல்சியஸ் காட்டியிருக்கிறது. 120-ஐத் தாண்டினால் ஆபத்து என்று யாரோ சொல்ல, முழு வேகத்துக்கான எரிபொருள் அளவை மாற்றும் திருகான ஹை ஸ்பீடு நீடிலைத் திறந்து ரிச் ஆக்கியிருக்கிறீர்கள், அதாவது கலவையில் எரிபொருளைக் கூட்டியிருக்கிறீர்கள். எண் 112-க்கு இறங்கிவிட்டது. ஆனால் வண்டி இழுக்கவில்லை, புகையாகக் கக்குகிறது, வளைவுகளில் அணைந்துபோகிறது. ஒரு வாரம் கழித்து, குளிரான ஒரு காலையில் அதே நீடில் நிலையில் 92 காட்டியிருக்கிறது. ரொம்பக் குளிர்ந்து ஓடுகிறது என்று நீடிலை மூடி லீன் ஆக்கியதும், அதாவது எரிபொருளைக் குறைத்ததும், நேர் ஓட்டத்தின் நடுவிலேயே வண்டி நின்றுவிட்டது. எத்தனை டிகிரிதான் சரி என்று கேட்கிறீர்கள்.

எண் வேண்டுமென்றால் தருகிறேன். எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ ப்ளக் இருக்கும் இடத்தில் அளந்தால், பெரும்பாலான கார் இன்ஜின்கள் 95 முதல் 130 டிகிரிக்குள் எங்கோ ஓர் இடத்தில் நிம்மதியாக ஓடும். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் ட்யூன் செய்ய முடியாது. இன்ஜின் டெம்பரேச்சர் என்பது நாம் திருகி வைக்கிற அளவு அல்ல, மற்ற எல்லாம் சேர்ந்து கடைசியில் வந்து நிற்கிற அளவு. காய்ச்சல் கண்டவனின் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து உதறினால் பாதரசம் இறங்கும், காய்ச்சல் இறங்காது. நீங்கள் செய்தது ஏறக்குறைய அதுதான். இரண்டு முறையும்.

முதலில், இந்த இன்ஜினுக்கு வெப்பம் ஏன் தேவை என்று பார்த்துவிடலாம். வெப்பம் என்றாலே எதிரி என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. நம் இன்ஜின்களில் பெரும்பாலானவை ஏபிசி வகை: அலுமினிய பிஸ்டன், பிஸ்டன் ஏறியிறங்கும் குழாயான பித்தளை ஸ்லீவ், ஸ்லீவின் உட்புறத்தில் க்ரோம் பூச்சு. பிஸ்டன் ரிங் கிடையாது. ஸ்லீவ் மேலே போகப் போக மிக லேசாகக் குறுகும். புது இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஃப்ளைவீலைப் பிடித்துச் சுற்றினால், பிஸ்டன் உச்சியில் வந்து இறுகுவதைக் கையிலேயே உணரலாம். இதைத்தான் பிஞ்ச் என்கிறோம். சூடேறும்போது பித்தளை, சிலிக்கன் அதிகம் கலந்த அந்த அலுமினியத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரியும். இறுக்கம் தளர்ந்து, இரண்டும் பொருந்த வேண்டிய அளவில் பொருந்தும். இன்ஜின் வடிவமைக்கப்பட்டதே அந்தச் சூட்டுக்காகத்தான். 75, 80 டிகிரியில் ஓடுகிற இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனை அந்தக் குறுகலில் அடித்து ஏற்றிக்கொண்டிருக்கும். பிஞ்ச் தேயும், கனெக்டிங் ராடு சுமை தாங்கும். ரிச்சாக ஓட்டினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை யோசிப்பதில்லை.

இதனால்தான் புது இன்ஜினை ஸ்டாண்டில் வைத்து, புகை மண்டலத்துக்குள் ஐந்தாறு டேங்க் ஐடிலிலேயே, அதாவது த்ராட்டில் கொடுக்காத மிகக் குறைந்த வேகத்திலேயே, ஓடவிடும் பழைய பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஹீட் கன்னாலோ ஹேர் ட்ரையராலோ இன்ஜினின் மேல்பகுதியான தலையை நன்றாகச் சூடாக்கி, பிறகு ஸ்டார்ட் செய்து, சற்று ரிச்சாக, ஆனால் 95 டிகிரிக்குக் குறையாமல், சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்துங்கள். முழுக்க ஆறட்டும். மறுபடி அதே மாதிரி. சூடாவதும் ஆறுவதும்தான் உலோகத்தைப் பதப்படுத்துகிறது, ஓடிய மணிக்கணக்கு அல்ல.

அடுத்தது எரிபொருள். அதில் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் இருக்கின்றன. பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஆறரைப் பங்கு போதும். தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருக்கும் நைட்ரோமீத்தேனுக்கு 1.7 பங்குதான். ஆகவே அதே காற்றுக்கு இந்த இன்ஜின் பல மடங்கு எரிபொருளை விழுங்கும். அது மட்டுமா? மெத்தனால் திரவத்திலிருந்து ஆவியாக, எடைக்கு எடை பெட்ரோலைவிட மூன்று மடங்கு வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து உறிஞ்சிக்கொள்ளும். கணக்குப் போட்டால், உள்ளே போகும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் மெத்தனால் தரும் குளிர்ச்சி பெட்ரோல் தருவதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. தலையில் வெப்பத்தை வெளியேற்றும் துடுப்புகளைவிட முதலில் இன்ஜினைக் குளிர்விப்பது இந்த எரிபொருள்தான். அதனால்தான் நீடிலை ஒரு கால் சுற்றுத் திருகினாலே எண் இப்படித் துள்ளுகிறது. கூடவே உயவு எண்ணெயும் எரிபொருளுக்குள்தான் கலந்து வருகிறது. லீன் ஆக்கும்போது குளிர்ச்சி குறைகிறது, வெப்பம் ஏறுகிறது, எண்ணெயும் குறைகிறது. மூன்றும் ஒரே நேரத்தில். லீன் ஓட்டம் இன்ஜினை அவ்வளவு வேகமாகக் கொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, அளப்பதைப் பற்றி. நீங்கள் பார்த்த 138 உண்மையிலேயே 138தானா? அகச்சிவப்பு கன் பரப்பிலிருந்து வரும் கதிர்வீச்சை வைத்து வெப்பத்தை ஊகிக்கிறது. பளபளப்பான வெறும் அலுமினியம் குறைவாகவே கதிர்வீசும். ஆகவே உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கறுப்பு அனோடைஸ் செய்த தலை உண்மைக்கு நெருக்கமாகக் காட்டும். ஒரே சூட்டில் ஓடும் இரண்டு இன்ஜின்கள் நிறத்தால் மட்டுமே வேறு வேறு எண் காட்டலாம். நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இன்னொன்று, கன் ஒரு புள்ளியைப் பார்ப்பதில்லை, ஒரு வட்டத்தைப் பார்க்கிறது. தள்ளி நிற்க நிற்க வட்டம் பெரிதாகி, துடுப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கும். சிவப்புப் புள்ளி விழும் இடமும் கன் அளக்கும் இடமும் கிட்டத்தில் ஒன்றாக இருக்காது. மேலிருந்து நேராக, ப்ளக் இறங்கியிருக்கும் குழிக்குள் பார்க்கும்படி, கிட்டத்தில் பிடியுங்கள். லேசாக அசைத்து, வரும் உச்ச எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே தூரம், ஒரே கோணம்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். நாலைந்து நிமிடம் வேகமாக ஓட்டி, நேர் ஓட்டம் முடிந்த கையோடு வண்டியை அருகே கொண்டுவந்து உடனே அளக்க வேண்டும். அணைத்துவிட்டு நின்று பேசிக்கொண்டிருந்தால், காற்றோட்டமும் எரிபொருளின் குளிர்ச்சியும் நின்றுபோய், உள்ளே தேங்கிய வெப்பம் தலைக்கு ஏறி எண் சற்று உயரும். கன் இல்லாத நாட்களில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தலையில் விட்டுப் பார்ப்போம். அப்படியே உட்கார்ந்திருந்தால் குளிர்ச்சி, மூன்று முதல் ஐந்து நொடியில் கொதித்து மறைந்தால் சரி, விழுந்ததும் துள்ளித் தெறித்தால் அதிகச் சூடு. இன்றும் கன்னின் பேட்டரி தீர்ந்த நாளில் இது கை கொடுக்கிறது.

இப்போது ட்யூனிங். எதைப் பார்த்துச் செய்வது என்றால், காது, புகை, வண்டி இழுக்கும் விதம், ஐடிலுக்கு வந்து சேரும் விதம், கடைசியாக ப்ளக்கின் முகம். கன் இவற்றுக்கெல்லாம் பின்னால் வரும் சாட்சி.

ஸ்க்ரூ தலையில் இருக்கும் வெட்டைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் லீன், எதிர்த்திசையில் ரிச். ஒரு முறைக்கு ஒரு மணி நேர அளவு, அதாவது 1/12 சுற்று. அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் முதல் நாள் அரைச் சுற்றுத் திறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ட்யூனிங் இல்லை, இடம்பெயர்வு. எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போயிருந்தால், இன்ஜினோடு வந்த கையேட்டில் உள்ள ஆரம்ப நிலைக்கு எல்லா நீடிலையும் திருப்பி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

நல்ல ப்ளக், புது எரிபொருள், சுத்தமான ஏர் ஃபில்டர், பாதி நிறைந்த டேங்க். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகே நீடிலைத் தொடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் செய்த ட்யூன் சூடான இன்ஜினில் லீனாகிவிடும்.

முதலில் ஹை ஸ்பீடு நீடில். முழு த்ராட்டிலில் நீளமாக ஓட விடுங்கள். ரிச்சாக இருந்தால் சத்தம் கரகரப்பாக, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும், வேகம் ஓர் இடத்தில் முட்டி நிற்கும். ஒவ்வொரு மணியாக மூடிக்கொண்டே வர, சத்தம் தெளிந்து கூராகும். ஒரு கட்டத்தில் மூடியும் வேகம் கூடாது. அங்கேயே நிறுத்தி, ஒரு மணி, முடிந்தால் இரண்டு மணி பின்னால் திறந்துவிடுங்கள். உச்ச வேகம் அந்த விளிம்பில் இருக்கும், ஆனால் அந்த விளிம்பில் நின்று ஓட்டக்கூடாது. டேங்க் காலியாகும் தறுவாயில் எரிபொருள் மட்டம் இறங்கிக் கலவை தானாகவே கொஞ்சம் லீனாகும். அதற்கு இடம் விட வேண்டும். முழு த்ராட்டிலிலும் மெல்லிய நீல வெண்புகைக் கோடு எப்போதும் தெரிய வேண்டும். புகையே இல்லாமல், சத்தம் மட்டும் மெலிந்து கீச்சிட்டால் உடனே த்ராட்டிலை விட்டுவிட்டு நீடிலைத் திறந்துவிடுங்கள். அங்கே கன்னை எடுக்கப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிறகுதான் ஐடிலுக்கும் பாதித் திறப்புக்கும் எரிபொருளை அளக்கும் லோ ஸ்பீடு நீடில். இந்த வரிசையை மாற்றக்கூடாது. ஹை ஸ்பீடு நீடில் வழியாக வருகிற எரிபொருள்தான் அடுத்து லோ ஸ்பீடு நீடிலுக்குப் போகிறது. மேலே திருகினால் கீழே உள்ளதும் மாறும். பத்து நொடி ஐடிலில் நிற்கவிட்டு, சட்டென்று முழு த்ராட்டில் கொடுங்கள். திணறி, புகையைக் கொட்டி, பிறகு மெதுவாகக் கிளம்பினால் ரிச். முதல் அடி பாய்ந்துவிட்டு உடனே தொய்ந்தால், அல்லது புகையில்லாமல் வெட்டென அணைந்தால் லீன். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் 'இழுக்கவில்லை' என்றே தெரியும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். புகையைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

இன்னொரு சோதனை உண்டு. ஐடிலில் இருக்கும்போது கார்புரேட்டர் அருகே எரிபொருள் குழாயை விரலால் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடி, வேகம் லேசாக ஏறி, அணைந்தால் சரியான இடம். பிடித்ததுமே அணைந்தால் லீன். ஐந்து நொடிக்கு மேலும் ஓடிக்கொண்டே வேகம் கணிசமாக ஏறினால் ரிச். நீடிலை மாற்றும்போதெல்லாம் ஐடில் வேகமும் மாறும். லீன் ஆக்கினால் ஏறும், அப்போது ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறக்க வேண்டும். கார்புரேட்டரின் திறப்பு ஐடிலில் பொதுவாக 0.5 முதல் 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதைவிட நிறையத் திறந்து வைத்தால்தான் இன்ஜின் அணையாமல் ஓடுகிறது என்றால், உண்மையான கோளாறு லோ ஸ்பீடு நீடிலின் ரிச்சில் ஒளிந்திருக்கிறது.

லோ ஸ்பீடு நீடிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உங்கள் 138-க்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். சிறிய பாதையில் ஓட்டும்போது முழு த்ராட்டில் ஒரு சுற்றில் சில நொடிகள்தான். மீதி நேரமெல்லாம் பாதித் திறப்பிலும் அதற்குக் கீழும்தான். லோ ஸ்பீடு லீனாக இருந்தால், ஹை ஸ்பீடு எவ்வளவு ரிச்சாக இருந்தாலும் இன்ஜின் சூடாகிக்கொண்டே இருக்கும். சோதிப்பது சுலபம். வேகமாக ஓட்டி வந்ததும் அளந்துகொள்ளுங்கள், ஒரு நிமிடம் ஐடிலில் நிற்கவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்க வேண்டும். இறங்காமல் ஏறினால் லோ ஸ்பீடு லீன். நீங்கள் அந்த 138-ஐ ஹை ஸ்பீடு நீடிலைத் திறந்து அடக்கியிருக்கிறீர்கள். வெள்ளம் கொண்டு தீயை அணைத்த மாதிரி, எண் இறங்கியது, வண்டியும் மூழ்கியது. ஹை ஸ்பீடை இருந்த இடத்துக்கே திருப்பிவிட்டு, லோ ஸ்பீடை ஒரு மணி, தேவைப்பட்டால் இன்னொரு மணி திறந்து பாருங்கள்.

வேகமாக ஓட்டி வந்து த்ராட்டிலை விட்டதும் ஐடில் உடனே இறங்காமல் சில நொடி உயரத்திலேயே தொங்கினால் பொதுவாக லீன். எந்த நீடிலைத் திறந்தாலும் அது தொங்கிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் நடந்துகொண்டால், நீடிலை விட்டுவிட்டுக் காற்றுக் கசிவைத் தேடுங்கள். கார்புரேட்டரின் அடியில் உள்ள ஓ-ரிங், இன்ஜினின் பின்மூடியான பேக்ப்ளேட், ப்ளக்கின் செப்பு வாஷர், முன் பேரிங், எரிபொருள் குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை, டேங்க் மூடியின் ரப்பர். புகை வெளியேறும் பைப்பிலிருந்து டேங்குக்கு அழுத்தம் கொண்டுபோகும் குழாயும் முக்கியம். அந்த அழுத்தம்தான் எரிபொருளைத் தள்ளுகிறது, அது கசிந்தால் எல்லாமே லீனாகும். டேங்கைக் கழற்றி ஒரு வழியை மூடி, இன்னொரு வழியாக ஊதி, தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் பிடித்துவிட்டீர்கள். கசியும் இன்ஜினை நீடிலால் ட்யூன் செய்தே தீருவேன் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

வெப்பம் நீடிலிலிருந்து மட்டும்தான் வரும் என்றும் இல்லை. பிரேக் லேசாக உரசிக்கொண்டே இருந்தால், கியர்கள் அளவுக்கு மீறி நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தால், க்ளட்ச் வழுக்கினால், க்ளட்ச் பெல் பேரிங் இறுகியிருந்தால், கியர் விகிதம் உயரமாக இருந்தால், எல்லாமே இன்ஜினின் தலையில்தான் வந்து விடியும். அணைத்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள், தாராளமாக உருள வேண்டும். பாடியில் காற்று உள்ளே வர முன்கண்ணாடியை வெட்டுகிறவர்கள், அது வெளியே போகப் பின்னால் வழி விடுவதை மறந்துவிடுகிறார்கள். வெளியேற வழியில்லாத காற்று உள்ளேயும் வராது. துடுப்புகளுக்கு நடுவே எண்ணெயும் மண்ணும் சேர்ந்து காய்ந்த அடுக்கு, இன்ஜினுக்குப் போர்த்திய கம்பளிதான்.

அடுத்து அந்தக் குளிர்ந்த காலை. அதுதான் இந்தக் கேள்வியிலேயே கற்றுக்கொள்ள வேண்டிய இடம். 35 டிகிரிக் காற்றைவிட 15 டிகிரிக் காற்று ஏறக்குறைய ஏழு சதவீதம் அடர்த்தி அதிகம். ஒவ்வொரு சுற்றுக்கும் அவ்வளவு கூடுதல் ஆக்சிஜன் உள்ளே போகிறது. அதற்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஆகவே குளிரில் நீடிலைத் திறக்க வேண்டும். ஆனால் குளிர்காற்று துடுப்புகளையும் நன்றாகக் குளிர்விப்பதால் கன் குறைந்த எண்ணைக் காட்டும். எண் 'லீன் செய்' என்கிறது, காற்று 'ரிச் செய்' என்கிறது. எண்ணை நம்பினால் இன்ஜின் போய்விடும். வெயிலில் இதற்கு நேர் எதிர். காற்று அடர்த்தி குறைவு, ஈரப்பதம் இருந்தால் நீராவியும் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, கலவை தானாகவே ரிச்சாகிறது. ஆகவே கொஞ்சம் மூட வேண்டும், ஆனால் கன்னோ உயர்ந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்தும். உயரமான மலைப்பகுதிக்குப் போனாலும் மூட வேண்டியதுதான். கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதம் போலக் குறையும்.

இதை நான் கற்றது காசு கொடுத்து. ஆரம்ப காலத்தில் ஒரு குளிர்காலைப் பொழுது, கன் 88 காட்டியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மணியாக மூடிக்கொண்டே போனேன். 94, 99, 103. எண் ஏற ஏற எனக்குப் பெருமை. புகை மறைந்ததைக் கவனித்தேன், ஆனால் குளிரில் புகை தெரியாது என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். குளிரில் புகை இன்னும் நன்றாகவே தெரியும் என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டாவது டேங்கின் முடிவில், நேர் ஓட்டத்தின் கடைசியில், டப் என்று ஒரு சத்தம். ஃப்ளைவீல் அசையவில்லை. திறந்து பார்த்தால் கனெக்டிங் ராடு இரண்டு துண்டு, ப்ளக்கின் கம்பிச்சுருள் காணவில்லை, எரியறையின் கூரையான ஹெட் பட்டனின் உட்புறம் மணல் வீசி அடித்ததுபோல் பொத்தல் பொத்தலாக இருந்தது. கன் அப்போதும் பாதுகாப்பான எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

குளிரில் செய்ய வேண்டியது வேறு. நீடிலைச் சத்தத்துக்கும் புகைக்கும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். எண் 90-க்குக் கீழே இருந்தால், துடுப்புகளின் ஒரு பகுதியை அலுமினியத் தாளாலோ பழைய காலுறையை வெட்டியோ மூடி, காற்றைக் குறையுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் தலையைச் சூடாக்குவதும் குளிரில் கட்டாயம். வெயிலில் அப்படியே மாற்றி, மூடியதை எடுத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். கலவை என்பது ஒரு வேலை, சூட்டைப் பிடித்து வைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே திருப்புளியால் செய்யப் போனால் இரண்டும் கெடும்.

இனி க்ளோ ப்ளக். இது தீப்பொறி விடுவதில்லை. ப்ளாட்டினம் கலந்த கம்பிச்சுருளை 1.5 வோல்ட்டில் சூடாக்கி ஸ்டார்ட் செய்கிறோம், பிறகு மின்சாரமே இல்லை. மெத்தனால் ஆவி ப்ளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வினையூக்கமும், எரிதலின் மிச்ச வெப்பமும் சேர்ந்துதான் அதைக் கனலவைக்கின்றன. ஆகவே எரிதல் எப்போது தொடங்கும் என்பதை ப்ளக்கின் சூட்டுரகம், அழுத்தம், கலவை இவை மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஹாட் ப்ளக் எரிதலை முன்னே இழுக்கும், கோல்டு ப்ளக் தள்ளிப்போடும். நைட்ரோ குறைவு, இன்ஜின் சிறியது, குளிர்காலம் என்றால் ஹாட் பக்கம். நைட்ரோ அதிகம், பெரிய இன்ஜின், வெயில் என்றால் கோல்டு பக்கம். ஹெட் பட்டனுக்கு அடியில் உள்ள மெல்லிய உலோக வளையங்களான ஷிம்களும் இதே கணக்கில்தான் வரும். நைட்ரோ சதவீதம் ஏறினால் 0.1 மில்லிமீட்டர் ஷிம் ஒன்று கூட்டி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இறங்கினால் எடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள எரிபொருளைப் பொதுமக்கள் உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. 25-இலிருந்து 16-க்கு இறங்கியவர்கள் நீடிலை மட்டும் மூடிவிட்டு, இன்ஜின் செத்துப்போய் ஓடுகிறது என்று புலம்பினால், பார்க்க வேண்டியது ப்ளக்கையும் ஷிம்மையும்தான்.

கழற்றிய ப்ளக்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு பார்வை பாருங்கள். சுருள் பளபளப்பாக, ஈரமாக, வடிவம் மாறாமல் இருந்தால் ரிச் பக்கம் அல்லது சரி. சாம்பல் நிறத்தில் மங்கி, சுருள் நெளிந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் லீன், அல்லது அழுத்தம் அதிகம். அடிக்கடி ப்ளக் போகிறது, நீடிலும் சரி என்றால் ஷிம் ஒன்று கூட்டிப் பாருங்கள்.

எரிபொருளைப் பற்றி இரண்டே வார்த்தை. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், வெளிச்சம் நைட்ரோமீத்தேனைக் கெடுக்கும். கேனை இறுக மூடி இருட்டில் வையுங்கள். போன பருவத்தில் பாதி காலியான கேனை வைத்து ட்யூன் செய்ய உட்கார்ந்தால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருக்கலாம். அப்புறம், மெத்தனால் விஷம், அதன் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. மூடிய அறைக்குள் ஒருபோதும் ஓட்ட வேண்டாம்.

உங்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். கையேட்டின் ஆரம்ப நிலைக்குத் திரும்புங்கள். கசிவு சோதித்து, புது ப்ளக் போட்டு, மேலே சொன்ன வரிசையில் ஒரு முறை செய்யுங்கள். எல்லாம் சரியாக அமைந்த அன்று வெயில் எவ்வளவு, கன் என்ன காட்டியது, நீடில்கள் முழு மூடலிலிருந்து எத்தனை சுற்று என்று குறித்து வையுங்கள். அந்த எண்தான் உங்கள் இன்ஜினின் எண். அது 108 ஆகவும் இருக்கலாம், 127 ஆகவும் இருக்கலாம். அதன் பிறகு கன் உண்மையிலேயே பயன்படத் தொடங்கும். அதேபோன்ற ஒரு நாளில் 15 டிகிரி கூடுதலாகக் காட்டினால் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். நீடிலைத் திருகுவதற்கு முன் என்ன மாறியது என்று தேடுங்கள். 140-ஐத் தாண்டினால் மட்டும் நான் யோசிக்காமல் அணைத்துவிடுவேன்.

அணைக்கும் விதத்திலும் ஒன்று இருக்கிறது. நாள் முடிவில் எரிபொருள் குழாயைப் பிடித்து மிச்சம் மீதி இல்லாமல் எரித்து அணையுங்கள். சூடு இருக்கும்போதே ஃப்ளைவீலைச் சுற்றி பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். உச்சியில் விட்டால் ஸ்லீவ் ஆறிச் சுருங்கும்போது பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும், அடுத்த முறை ஸ்டார்ட்டரோடு போராட வேண்டியிருக்கும். ஃப்ளைவீலில் அந்த இடத்தை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் தேட வேண்டாம். பிறகு ப்ளக் துளையிலும் கார்புரேட்டரிலும் துருவைத் தடுக்கும் ஆஃப்டர் ரன் ஆயில் சில சொட்டு விட்டு, நாலு சுற்றுச் சுற்றி, ப்ளக்கை மாட்டி மூடிவிடுங்கள். உள்ளே மிஞ்சும் எரிபொருள் ஈரத்தை இழுத்து முதலில் துருப்பிடிக்க வைப்பது பின் பேரிங்கை. அடுத்த வாரம் கன்னில் புரியாத எண் வந்தால், அதையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.